சண்டைக்குள்ள ஆட்சி தோத்த ரெண்டு தரம்: திருகோணமலையில இருந்து

கேள்வி: யுத்தம் நடக்கேக்க ஆட்சியில இருக்கிற கட்சி தோத்துதெண்டா, சனம் யுத்தம் வேண்டாம் எண்டு சொல்லிட்டுது எண்டுதானே அர்த்தம்? இலங்கையில 94லயும் 2001லயும் அதுதானே நடந்தது? அந்த நேரம் திருகோணமலையில இருந்த ஆக்கள் சொல்லுங்கோ, முடிவு வந்த நாள் ஊர் எப்பிடி இருந்தது?

2023 ஓகஸ்ட் 16, இரவு 8.10

இண்டைக்கு ஓகஸ்ட் 16. தம்பி தெரிஞ்சு கேட்டாரோ தெரியாமக் கேட்டாரோ, 1994 பாராளுமன்றத் தேர்தல் நடந்தது இதே நாள்தான். எனக்கு அப்ப 15 வயசு, டிசம்பரில ஓ.எல். சோதினை எழுத இருந்தனான், வோட்டு இல்ல. ஆனா அண்டிரவு முழுக்க அப்பாவோட றேடியோவுக்கு முன்னால குந்தியிருந்தனான். அப்பா கச்சேரியில, அரசாங்க அதிபர் கந்தோரில, கிளாக். கிழிச்ச கலண்டர்த் தாளைத் திருப்பி வச்சு மாவட்டம் மாவட்டமா எழுதிக்கொண்டே வந்தவர், சத்தம் கூட்டி வைக்கவும் பயம், குறைச்சா கேக்கவும் ஏலாது, அதால றேடியோவ ஒரு துவாயால மூடி ரெண்டு பேரும் காத குடுத்துக்கொண்டு இருந்தம்.

யூஎன்பி, ஐக்கிய தேசியக் கட்சி, தோத்துப் போச்சு எண்டு தெளிவானது அடுத்த நாள். 17 வருசம், 1977ல இருந்து. நான் பிறக்கிறதுக்கு முந்தியே வந்த ஆட்சி. அது போகும் எண்டுறதே எனக்கு விளங்காத விஷயம், மழை நிக்கிற மாதிரி ஆட்சியும் ஒருநாள் நிக்கும் எண்டு அப்பதான் கண்டன்.

ஊர் எப்பிடி இருந்தது எண்டு கேட்டா, எங்கட ஒழுங்கை அமைதி. மாக்கற் பக்கமிருந்து சத்தம் வந்தது. அப்பா கதவடிக்குப் போய் நிண்டு கேட்டிட்டுச் சொன்னார், "பயப்பிடாத, சீனவெடி." எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். சீனவெடி ஒரே அளவா இடைவெளி விட்டு வரும், கடைசியில கும்பலா வெடிக்கும். சூடு அப்பிடி வராது, ரெண்டு வரும், நிக்கும், வேற பக்கமிருந்து பதில் வரும். அதக் கேட்டுப் படிச்ச பிள்ளையள் நாங்கள். எங்கட பக்கம் ஒருத்தரும் கொளுத்தேல்ல. சந்தோசமில்லாம இல்ல. சந்தோசத்துக்கு ஒரு வெடில் கொளுத்தினா அதுக்குப் பதிலா என்ன வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

2023 ஓகஸ்ட் 16, இரவு 11.35

படுத்தும் நித்திர வரேல்ல. அந்தக் கலண்டர்த் தாள் இன்னும் அம்மாட்ட இருக்கு, சூட்கேசுக்குள்ள, அப்பாவின்ர பென்சன் கடிதங்களோட. எடுத்துப் பாத்தன். பென்சில் எழுத்து மங்கிப் போச்சு, ஆனா வாசிக்கலாம்.

சந்திரிகாவின்ர பொதுசன ஐக்கிய முன்னணி 105. யூஎன்பி 94. முஸ்லிம் காங்கிரஸ் 7. தமிழர் விடுதலைக் கூட்டணி 5. ஆக 11 சீட் வித்தியாசம்தான். என்ர ஞாபகத்தில அது பெரிய வெள்ளம் அடிச்சு அள்ளிக்கொண்டு போன மாதிரி, தாளில பாத்தா தோத்த கட்சியும் 94ஓட உயிரோடதான் நிக்குது. 105 காணாது, முஸ்லிம் காங்கிரசின்ர 7ம் மலையகத்தில இருந்து வந்த ஒண்டும் சேந்துதான் 113 ஆனது. மேல "அடிச்சு விரட்டினது" எண்ட மாதிரி ஒரு தொனியில எழுதிப்போட்டன், அத வாபஸ் வாங்கிறன்.

யாழ்ப்பாணத்துக்கு நேர அப்பா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அங்க 10 ஆயிரத்துச் சொச்சம் வோட்டில ஒரு குழு 9 சீட் எடுத்தது. ஒரு மாவட்டமே வோட்டுப் போடாம இருந்தா இப்பிடித்தான் வரும். அந்தக் கேள்விக்குறி எனக்கு அப்ப விளங்கேல்ல.

திருகோணமலைக்கு நேர தங்கத்துரை எண்டு எழுதி அடிக்கோடு, கூட்டணியில வெண்ட எம்.பி. அவரை 1997 ஜூலை 5ல ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போன இடத்தில கொலை செய்தவை. அந்த அடிக்கோட்டைப் பாக்க நெஞ்சு ஒருமாதிரிப் போச்சு.

2023 ஓகஸ்ட் 17, பின்னேரம்

இனிக் கேள்விக்கு வாறன். சனம் யுத்தம் வேண்டாம் எண்டு போட்ட வோட்டா?

நேத்து வரைக்கும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். 29 வருசமா அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். சந்திரிகா சமாதானம் எண்டு கேட்டவ, வென்றவ, அப்ப சனம் சமாதானத்துக்குப் போட்டது. மற்றப்பக்கம் ஜனாதிபதி விஜேதுங்க இருக்கிறது இனப்பிரச்சினை இல்ல, பயங்கரவாதப் பிரச்சினைதான் எண்டு நிண்டவர். கணக்கு நேரா வருது.

ஆனா அப்பாவோட வேல செய்த ஒருத்தர் இருந்தவர், சிங்கள ஆள், கந்தளாயில வீடு. எங்கட வீட்டுக்கு வருவார், அம்மாவ அக்கா எண்டுதான் கூப்பிடுவார், நாங்கள் அவர மாமா எண்டுவம். எலெக்சன் முடிஞ்ச கிழமை கற்பூரவாழைக் குலை ஒண்டோட வந்தவர், அவ்வளவு சந்தோசம். அப்பா கேட்டார், நீங்களும் சண்டை நிக்கோணும் எண்டுதானே போட்டனீங்கள் எண்டு. அவர் கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு சொன்னார், 89ல என்ர தம்பியக் கொண்டு போனவங்கள், இன்னும் ஆள் இல்ல, அம்மா உயிரோட இருக்கேக்க இந்த ஆட்சி போகோணும், அதுக்குத்தான் போட்டனான் எண்டு. யுத்தம் பற்றி ஒரு சொல்லும் இல்ல.

தெற்கில ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில காணாமப் போன பொடியள் எத்தின ஆயிரம். 94 தொடக்கத்தில சூரியகந்தையில எலும்புகள் தோண்டி எடுத்த கதை வந்தது. அந்தத் தாய்மாரின்ர வோட்டு அது. அதோட பாண் விலை. ஒரு றாத்தல் பாண் 3 ரூவா 50 சதத்துக்குத் தருவம் எண்டு சொல்லி அதக் கொண்டு வந்தவ. பாணுக்குப் போட்ட வோட்டும் இருக்கு, பிள்ளையத் தேடிப் போட்ட வோட்டும் இருக்கு, 17 வருசம் ஒரே முகத்தப் பாத்து அலுத்துப் போட்டதும் இருக்கு. 93 நவம்பரில பூநகரியில ஆமிக்கு விழுந்த அடியும் அதுக்குள்ள இருந்திருக்கும், செத்த பொடியள் வீட்டுக்கு வந்த ஊருகளில. ஆனா அத மட்டும் எடுத்து வச்சுக்கொண்டு சனம் யுத்தத்துக்கு எதிரா எண்டு சொல்ல ஏலுமோ?

2023 ஓகஸ்ட் 17, இரவு

ஒருத்தர் தனியா எழுதிக் கேட்டவர், அப்ப தமிழருக்கு அது வெறும் வெளியாக்களின்ர எலெக்சனோ எண்டு. இல்ல. ஒரு மாசத்துக்குள்ள வடக்குக்குப் போகக்கூடாதெண்டு தடுத்து வச்ச சாமானில ஒரு பகுதிக்குத் தடை எடுத்தவை. சவுக்காரம், மெழுகுதிரி, பற்றரி எண்டு என்னென்ன எல்லாம் அந்தப் பட்டியலில இருந்தது எண்டு இப்பத்தப் பிள்ளையளுக்குச் சொன்னா நம்பமாட்டுதுகள். யாழ்ப்பாணத்தில சந்திரிகா காப்பு எண்டு ஒரு காப்பு வந்தது, சந்திரிகா சேலை எண்டும் சொல்லுவினம். எங்கட பெரியம்மாவின்ர மகள் அங்க படிச்சவ, லீவுக்கு வரேக்க ஒரு சோடி கொண்டு வந்து தங்கச்சிக்குக் குடுத்தவ. கண்ணாடிக் காப்பு, பச்சை. கொழும்பில ஆட்சி செய்யிற ஒருத்தரின்ர பேரை யாழ்ப்பாணத்துப் பெட்டையள் கையில போட்டுக்கொண்டு திரிஞ்ச காலம் அதுக்கு முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல.

நவம்பர் 9 ஜனாதிபதித் தேர்தலில அவவுக்கு நாடு முழுக்க 62 வீதம். திருகோணமலையில 70 வீதத்துக்கு மேல, மட்டக்களப்பில 85க்கும் மேல. அதில எங்கட வீட்டு ரெண்டு வோட்டும் இருக்கு. அம்மா அண்டைக்கு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துபோட்டு நேர வோட்டுப் போடப் போனவ. யூஎன்பியில நிக்க இருந்த காமினி திசாநாயக்காவ ஒக்டோபர் 24ல குண்டு வச்சுக் கொலை செய்தாச்சு, அவரின்ர மனிசிய நிப்பாட்டினவை. அந்தப் பொம்பிளையையும் நினைச்சு அம்மா அழுதவ. ரெண்டும் ஒரே நாளில.

2023 ஓகஸ்ட் 19

ஒரு சின்ன விஷயம், ஆனா இத விட்டா மற்றது விளங்காது. ஓகஸ்ட் 19 அவ பிரதமர். விஜேதுங்க அப்பவும் ஜனாதிபதிதான், நவம்பர் மட்டும். முப்படைக்குத் தலைவர் ஜனாதிபதி. எங்கட நாட்டில பாராளுமன்றத் தேர்தலில தோத்தா கட்சி தோக்கும், துவக்கு வச்சிருக்கிற கதிரை தோக்காது. 94ல 3 மாசம் அப்பிடி இருந்தது, பெரிசா ஒண்டும் வரேல்ல. 2001ல இதே விஷயம் எங்கள எங்க கொண்டுபோய் விட்டது எண்டு பிறகு எழுதிறன்.

2023 ஓகஸ்ட் 20, விடியக்காலம்

1995 ஏப்ரல் 19.

சந்திரிகா அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில போர்நிறுத்தம் ஜனவரி 8ல தொடங்கினது. மூண்டு மாசம் கொஞ்சம். உட்துறைமுக வீதியால பின்னேரம் சைக்கிளில போகலாம், மறிச்சாலும் சிரிச்சுக்கொண்டு மறிப்பாங்கள், ஒரு நேவிக்காரப் பொடியன் என்ர சைக்கிள் செயின் கழண்டதப் போட்டும் தந்தவன், கை முழுக்கக் கிறீஸ். அவனுக்கு இருபது இருபத்தொண்டு வயசிருக்கும். தமிழில "சரி, போ" மட்டும் தெரியும்.

நடுச்சாமம் கழிஞ்சு வந்த சத்தம் சீனவெடி இல்ல எண்டு சொல்ல அப்பா தேவைப்படேல்ல. யன்னல் கண்ணாடி ஆடினது. துறைமுகத்துக்குள்ள நிண்ட நேவியின்ர ரெண்டு கப்பல், சூரயவும் ரணசுறுவும், கடற்புலிகள் கீழால போய் வெடி வச்சது. விடியும் வரைக்கும் எங்கட வீட்டில ஒருத்தரும் லைட் போடேல்ல. அம்மா இருட்டுக்குள்ளயே தங்கச்சியின்ர கையில இருந்த அந்தப் பச்சைக் காப்பக் கழட்டினவ. ஏனெண்டு இண்டை வரைக்கும் நான் கேக்கேல்ல, அவவும் சொல்லேல்ல. சத்தம் வரக்கூடாதெண்டு கழட்டினவவோ, வேற ஏதும் நினைச்சோ.

செயின் போட்டுத் தந்த பொடியன் அந்தக் கப்பலில இருந்தவனோ இல்லையோ எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு நான் அவனக் காணேல்ல. ஆள் மாத்திக் கொண்டு போயிருப்பாங்கள் எண்டுதான் எனக்கு நானே சொல்லி வச்சிருக்கிறன்.

எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு கட்சி தோத்ததுக்கு ஊர் சந்தோசப்பட்டது. எட்டு மாசத்தில சண்டை திரும்பி வந்தது, அதுவும் எங்கட வாசலில இருந்து தொடங்கினது. வென்ற ஆளே பிறகு அந்தச் சண்டைய முந்தினவைய விடக் கடுமையா நடத்தினவ. சமாதானத்துக்கு விழுந்த வோட்டு எண்டு கொண்டாடின கட்சி, 7 வருசத்தால யுத்தம் நடத்தின கட்சியாத் தோத்தது. தம்பியின்ர கேள்வியில 94ம் 2001ம் ஒரே வரியில இருக்கு, ஆனா முதல் தரம் வந்தவைதான் ரெண்டாந்தரம் போனவை.

2023 ஓகஸ்ட் 22

பிரிட்டிஷ் பிரதமர் சேர்ச்சில் 1945 தேர்தலில தோத்த கதைய ஆரோ எடுத்திருக்கிறியள். அது வேற நாட்டுக் கதை எண்டு தள்ள ஏலாது, திருமலைக்காரருக்கு அதில பங்கிருக்கு. எங்கட அப்பப்பா அந்த நேரம் டொக்யார்ட்டில வேலை. 42 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள் பாதி ஊர் காட்டுக்குள்ள ஓடின கதையில இருந்துதான் அவர் எதையும் தொடங்குவார். சேர்ச்சில் தோத்த செய்தி வந்த நாள் வெள்ளைக்கார மாலுமியள் சிலபேர் தொப்பியத் தூக்கி எறிஞ்சு சந்தோசப்பட்டதாம், ஒப்பிசர்மார் முகம் தொங்கினதாம். அப்பப்பாவுக்குப் பெரிய அதிசயம். யுத்தத்த வெண்டு குடுத்த மனுசன வீட்டுக்கு அனுப்பினதுக்கு அவன்ர ஆக்களே சந்தோசப்படுறாங்களே எண்டு.

2023 ஓகஸ்ட் 22, இரவு

மேல "யுத்தத்த வெண்டு குடுத்த" எண்டு எழுதினது பிழை. ஐரோப்பாவில மே 8ல முடிஞ்சது. வோட்டுப் போட்டது ஜூலை 5, எண்ணிச் சொன்னது ஜூலை 26, வெளிநாட்டில நிண்ட பட்டாளத்தின்ர வோட்டு வந்து சேர வேணும் எண்டு மூண்டு கிழமை பெட்டிய மூடி வச்சவை. ஜப்பான் விழுந்தது ஓகஸ்ட் 15. அந்த இடைவெளியில லண்டனுக்கு யுத்தம் முடிஞ்ச மாதிரி, திருகோணமலைக்கு முடியேல்ல. மே மாசம் நடுவில கூட இங்க இருந்து போன கப்பலுகள் மலாக்கா நீரிணையில ஹகுரோ எண்ட ஜப்பான் குறூசர மூழ்கடிச்சது. இங்க நிண்ட மாலுமிக்கு அடுத்தது மலாயா, அதுக்கடுத்தது எங்கயோ. அவன் தொப்பிய எறிஞ்சது ஜப்பானோட சண்டை வேண்டாம் எண்டு இல்ல. தொழிற்கட்சிக்கு 393 சீட் குடுத்த சனம் ஜப்பானோட சமாதானம் பேசு எண்டு கேக்கேல்ல, வீடும் வேலையும் வைத்தியமும் கேட்டது. பொட்ஸ்டாமில வெண்ட நாடுகளின்ர மகாநாடு நடந்துகொண்டிருக்கேக்க சேர்ச்சில் எழும்பிப் போக தொழிற்கட்சித் தலைவர் அட்லி வந்து அதே கதிரையில இருந்தார். சண்டை அப்பிடியே போனது.

அப்பப்பா கடைசி வரைக்கும் இத நன்றி கெட்ட வேலை எண்டுதான் சொன்னவர். நான் அப்பிடி நினைக்கேல்ல. கந்தளாய் மாமாவும் அந்த மாலுமியும் ஒரே ஆள் மாதிரித்தான் எனக்குப் படுது. சண்டை நடக்கிற நாட்டிலயும் மனிசருக்கு வீடு, பாண், தம்பி எண்டு இருக்கு. அதுக்குத்தான் வோட்டு.

2023 ஓகஸ்ட் 26

2001க்கு வாறன். இது கொஞ்சம் நீளும்.

முதல்ல 2000. அந்த ஒக்டோபர் தேர்தலில திருகோணமலையில இருந்து ஒரு தமிழரும் பாராளுமன்றம் போகேல்ல. தமிழ் வோட்டுப் பிரிஞ்சு பிரிஞ்சு ஒண்டுமில்லாமப் போச்சு. அந்த வெக்கமும் பயமும் ஊரில எப்பிடி இருந்தது எண்டு சொல்ல வார்த்தை இல்ல, ஆக்கள் செத்தவீட்டில கதைக்கிற மாதிரிக் கதைச்சவை. அடுத்த வருசம் தமிழ்க் கட்சியள் சேந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆனதுக்கு அந்தத் தோல்வி பெரிய காரணம். நாங்கள் தோத்துப் படிச்ச பாடம் அது.

2001ல நாடு இருந்த நிலை: ஜூன்ல முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்த விட்டு வெளிய. ஜூலை 24 கட்டுநாயக்கா விமான நிலையத்தப் புலிகள் அடிச்சது. ஓடுபாதையில விமானங்கள் எரியிறத டீவியில பாத்தம், அதோட உல்லாசப் பயணியும் போச்சு, கப்பல் இன்சூரன்சும் ஏறிச்சு. மழை இல்ல, கரண்ட் கட். சாமான் விலைக்குள்ள பாதுகாப்பு வரி. சுதந்திரத்துக்குப் பிறகு முதல்தரமா பொருளாதாரம் வளராமச் சுருங்கின வருசம் அது. ஒக்டோபரில அரசாங்கத்தின்ர பெரிய தலையளே எதிர்ப்பக்கம் தாவிச்சினம், பாராளுமன்றத்தக் கலைச்சாச்சு. டிசம்பர் 5 தேர்தல்.

எனக்கு 22 வயசு, ரெண்டாவது வோட்டு. கியூவில எனக்கு முன்னால நிண்ட ஒரு மீனவர் ஐயா கையில பழைய பாஸ் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) மேல அதையும் கேப்பாங்களோ எண்டு பயந்து. அதுவரைக்கும் வள்ளம் இறக்கப் பாஸ், ராவில இறங்க ஏலாது, எஞ்சின் எத்தின குதிரை எண்டதுக்கும் சட்டம். சின்னக் கடற்கரையில நிண்டு பாத்தா மீன் துள்ளுறது தெரியும், போய்ப் பிடிக்க ஏலாது.

முடிவு வந்தது. யூஎன்பியின்ர ஐக்கிய தேசிய முன்னணி 109, பொதுசன ஐக்கிய முன்னணி 77, ஜேவிபி 16, கூட்டமைப்பு 15. திருகோணமலையில 4 சீட்டில ஒண்டு கூட்டமைப்புச் சம்பந்தன் ஐயா. ஒரு வருசம் ஆளில்லாமக் கிடந்த ஊருக்கு அந்த ஒண்டு வயித்தில பால் வாத்த மாதிரி.

2023 ஓகஸ்ட் 26, இரவு

ஒண்ட விட்டுட்டன், அத விடக்கூடாது. அண்டைக்கு வவுனியாவிலயும் மட்டக்களப்பிலயும் அரசாங்கக் கட்டுப்பாடு இல்லாத, புலிகளின்ர பக்கத்தில இருந்து வோட்டுப் போட வந்த சனத்த சாவடிக்குப் போக விடாம ஆமி பாதைய மூடினது. ஆயிரக்கணக்கில. வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் பாத்துக்கொண்டிருக்கவே நடந்தது. சமாதானம் வேணுமோ யுத்தம் வேணுமோ எண்டு கேக்கிற தேர்தல் எண்டா, யுத்தத்துக்கு நடுவில குடியிருந்த சனத்தின்ர பதில் பெட்டிக்குள்ள விழவே இல்ல. சம்பூரில இருந்த எங்கட மாமி அண்டைக்கு வெளிக்கிடவே இல்ல, பயம். "வோட்டுப் போட்டு என்ன, வந்து சேரோணுமே" எண்டவ.

2023 ஓகஸ்ட் 29

அம்மாவுக்கு நான் எழுதினதெல்லாம் வாசிச்சுக் காட்டினன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒண்டுதான் சொன்னவ.

"நீ என்ன நாங்கள் தோக்கடிச்ச மாதிரி எழுதியிருக்கிறாய்? நான் 94லயும் சூரியனுக்குப் போட்டனான், 2001லயும் சூரியனுக்குத்தான் போட்டனான். பச்சையும் நீலமும் தோத்ததுக்கும் வெண்டதுக்கும் என்ர வோட்டுக்கும் என்ன?"

உண்மை. சூரியன் எங்கட தமிழ்க் கட்சியின்ர சின்னம், பச்சை யூஎன்பி, நீலம் சந்திரிகாவின்ர பக்கம். ஜனாதிபதித் தேர்தல் வேற, அதில அம்மா சந்திரிகாவின்ர சின்னமான கதிரைக்குப் போட்டவ. ஆனா ரெண்டு பாராளுமன்றத் தேர்தலிலயும் ஆளுங்கட்சிய விழுத்தினது கந்தளாய் மாமா மாதிரி ஆக்கள். விழுத்தினது பாணுக்கும் கரண்டுக்கும் தம்பிக்கும். அதின்ர பலன் வந்து இறங்கினது எங்கட றோட்டில. அவையின்ர வீட்டுப் பிரச்சினையால எங்கட வீட்டுக் கதவு திறந்தது. பிறகு பூட்டினதும் அப்பிடித்தான்.

இத எழுத எனக்கு 13 நாள் எடுத்திருக்கு. 16ம் திகதி எழுதினதுக்கும் இதுக்கும் இடையில நான் நிறைய மாறிப் போனன், முதல் எழுதினத அழிக்கேல்ல, கிடக்கட்டும்.

2023 செப்ரெம்பர் 2

"அப்ப 2001 சந்தோசம் பொய்யா" எண்டு கேட்டவருக்கு.

இல்ல. அதவிட உண்மையான சந்தோசம் நான் இன்னும் காணேல்ல. டிசம்பர் 24 நள்ளிரவில இருந்து புலிகள் ஒரு மாசத்துக்குப் போர்நிறுத்தம் எண்டவை, அரசாங்கமும் பதிலுக்கு. நத்தார்ப் பூசைக்குப் போன சனம் மணியத் திரும்பத் திரும்பப் பாக்காம நடந்து வந்தது. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம். அதில எல்லாம் நாள் கணக்குப் போட்டு எழுதியிருந்தது, படையள் கோயில் சேர்ச் விட 30 நாள், பள்ளிக்கூடம் விட 160 நாள், பகலும் ராவும் மீன்பிடிக்கத் தடை எடுக்க 90 நாள், முகாமடியும் துறைமுக வாயும் தவிர. ஏப்ரலில யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டு திறந்தது.

ராவில வள்ளம் போன முதல் கிழமை எங்கட வீட்டுக்கு வந்த மீனை அம்மா குழம்பு வைக்காம கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டவ. கடலில விளக்கு. வரிசை வரிசையா. உவர்மலையில ஏறி நிண்டு பாத்தா கடலில ஒரு ஊர் இருக்கிற மாதிரி இருந்தது. எத்தினையோ வருசம் கறுப்பாக் கிடந்த கடல்.

மாமி வந்தவ. மூதூர் லோஞ்சில, ரெண்டு சட்டி எருமைத் தயிரோட, ஒருத்தரும் மறிச்சுக் கிண்டாம, சட்டிக்குள்ள கம்பி விட்டுப் பாக்காம. அதுக்கு முந்தி அவ கொண்டு வாற தயிர் எல்லாம் நடுவில ஓட்டையோடதான் வரும். ஒரு தடையில குத்துவாங்கள், அடுத்த தடையில திரும்பக் குத்துவாங்கள், வீட்ட வரேக்க மோர். அண்டைக்கு அவ மூடியத் திறந்து காட்டினவ, ஏடு உடையாம முழுசா இருந்தது. "பாருங்கோ" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்ல. நாங்கள் எல்லாரும் சட்டியச் சுத்தி நிண்டு பாத்தம்.

எனக்கு 2001 எலெக்சன் எண்டா 109ம் 77ம் இல்ல, அந்தத் தயிர் ஏடு.

2023 செப்ரெம்பர் 3

நான் 19ம் திகதி சொன்ன கதிரை விஷயம். 2001ல யூஎன்பி ரணில் பிரதமர், சந்திரிகா ஜனாதிபதி. தோத்த கட்சியின்ர தலைவிதான் முப்படைக்கும் தலைவி. ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டது வென்றவர், துவக்கு தோத்தவையின்ர கையில. 2003 நவம்பரில பாதுகாப்பு அமைச்சு உட்பட மூண்ட அவ எடுத்தவ. 2004 ஏப்ரலில திரும்பத் தேர்தல், சமாதானம் பேசின ஆட்சி தோத்தது. சண்டை நடக்கேக்க ஆண்டவையும் தோத்தவை, சண்டை நிக்கேக்க ஆண்டவையும் தோத்தவை. இத வச்சுச் சனம் யுத்தம் கேட்டுது எண்டு சொல்லுவமா? அப்பிடிச் சொல்ல ஏலாதெண்டா, 2001ல சனம் சமாதானம் கேட்டுது எண்டும் அவ்வளவு லேசாச் சொல்ல ஏலாது தம்பி. என்ர பதில் இதுதான், பிடிக்காட்டிச் சண்டை பிடியுங்கோ.

புலிகள் பக்கமும் பிழை விட்டது, அத மறைச்சு எழுத எனக்கு விருப்பமில்ல. 95ல கப்பல் வெடிக்க வச்சது ஆர் எண்டது எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு வாசல் திறந்துதான் இருந்தது.

2023 செப்ரெம்பர் 9

மாமியோட போனில கதைச்சன். 2006ல சண்டை மாவிலாறில திரும்பத் தொடங்கி, செப்ரெம்பரில சம்பூர் விழ, அவ வெருகல் பக்கமாப் போய், மட்டக்களப்பில முகாம், பிறகு கிளிவெட்டி. 2015ல காணி திரும்பக் கிடைக்கேக்க வீடு இருந்த இடத்தில கிணறு மட்டும்தான். இப்ப திரும்ப மூண்டு எருமை வச்சிருக்கிறா.

எந்த எலெக்சனில சந்தோசப்பட்டனீங்கள் மாமி எண்டு கேட்டன். எலெக்சன் எல்லாம் ஞாபகமில்ல, தடைமரம் தூக்கின நாள் ஞாபகமிருக்கு எண்டவ. கட்டைபறிச்சான் பக்கம். ஒரு புதன்கிழமையாம், மாசி மாசக் கடைசியாம். அம்மா பக்கத்தில இருந்து இல்ல இல்ல பங்குனி நடுவில, உத்தரத்துக்குக் கிட்ட எண்டுறா. ரெண்டு பேரும் போனிலயே கால் மணித்தியாலம் வாதாடினவை, முடிவு வரேல்ல.

மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர்ப் பக்கத்து ஆக்கள் ஆரும் இத வாசிச்சா, 2002ல அது எந்தக் கிழமை எண்டு சொல்லுங்கோ. கலண்டர்த் தாளில எழுதி வைக்க வேணும். அப்பாவின்ர தாளின்ர கீழ்ப்பக்கத்தில கொஞ்சம் இடம் இருக்கு.